ஐந்து பாடங்களுக்கு ஒரு பெயர்: பல்கலைக்கழகத்தில் மைனர் எடுக்கலாமா?

சிங்கப்பூரில், செங்காங்கில் அக்கா வீடு. ஞாயிற்றுக்கிழமை மதியம். ரசப் பாத்திரத்தை ஓரமாகத் தள்ளிவிட்டு அக்கா மகள் சாப்பாட்டு மேசையிலேயே மடிக்கணினியைத் திறந்தாள். என்யுஎஸ் என்ற சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் உளவியல், இரண்டாம் ஆண்டு. திரையில் என்யுஎஸ்மோட்ஸ். பல்கலை மாணவர்களே தங்களுக்காகக் கட்டிவைத்த அந்தத் தளம் இல்லாமல் அங்கே யாரும் பாடம் எடுப்பதில்லை. நாலு வருஷம், எட்டு செமஸ்டர், ஒவ்வொன்றிலும் கட்டம் கட்டமாகப் பாடங்கள். பாதிக் கட்டங்கள் காலி.

"மாமா, மைனர் எடுக்கவா வேணாமா? என் ஃப்ரெண்ட்ஸ் எல்லாரும் எடுக்கிறாங்க."

நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா கேட்டார்: "அத எடுத்தா சம்பளம் கூடுமா?" அத்தான் தஞ்சாவூரில் பிஎஸ்சி இயற்பியல் படித்தவர். அவருக்கு வேறு சந்தேகம்: "எங்க காலேஜ்ல அல்லைடுன்னு இருந்துச்சே, அதானே இது?"

இந்த மூன்று கேள்விக்கும் பதில் சொல்லி முடிக்க அன்று சாயங்காலத் தேநீர் வரை ஆனது. அதைத்தான் கொஞ்சம் ஒழுங்குபடுத்தி இங்கே எழுதுகிறேன்.

முதலில் அந்தப் பெயர். தமிழில் மைனர் என்றால் பதினெட்டு வயது நிரம்பாதவர். இல்லாவிட்டால் கழுத்தில் தடித்த சங்கிலியும் சில்க் சட்டையுமாகத் திரியும் ஊர்ப் பணக்காரர். துணைப்பாடம் என்று சொல்லலாம்தான். ஆனால் வளாகத்தில் எந்தத் தமிழ்ப் பிள்ளையும் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. எனவே நானும் மைனர் என்றே எழுதுகிறேன். முதன்மைப் பாடம் மேஜர். அதற்குப் பக்கத்தில் இன்னொரு துறையில் ஐந்து பாடம் படித்து வாங்கும் பெயர்தான் மைனர்.

அத்தானின் அல்லைடும் இதுவும் ஒன்றல்ல. தமிழ்நாட்டுக் கல்லூரியில் இயற்பியல் எடுத்தால் கணிதமும் வேதியியலும் அல்லைடாகத் தானே வந்து ஒட்டிக்கொள்ளும். மாணவரைக் கேட்பதில்லை. பி.டெக். படிப்பவர்களுக்கு இந்தியாவில் மைனர் என்ற பெயரிலேயே ஒன்று உண்டு. அங்கே தொழில்நுட்பக் கல்வியைக் கவனிக்கும் ஏஐசிடிஇ வகுத்த முறைப்படி பட்டத்துக்கு 160 கிரெடிட். அதற்கு மேல் 18 முதல் 20 கிரெடிட் கூடுதலாகப் படித்தால் மைனர் கிடைக்கும். அதாவது தட்டில் இருப்பதைச் சாப்பிட்டுவிட்டு இன்னொரு கரண்டி வாங்கிக்கொள்வது. என்யுஎஸ்ஸிலும் நான்காண்டு ஹானர்ஸ் பட்டத்துக்கு அதே 160 யூனிட்தான். ஆனால் மைனருக்கான 20 யூனிட் அந்த 160க்குள்ளேயே அடங்கிவிடலாம். தட்டு அதேதான், எதற்கு எவ்வளவு இடம் என்பதுதான் மாறுகிறது. வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு இந்த வித்தியாசம் பிடிபடுவதில்லை. "கூடுதலா ஒண்ணு படிச்சிருக்கா" என்று சொந்தக்காரர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். பெரும்பாலும் கூடுதலாக எதுவும் இல்லை. எப்படியும் எடுத்தாக வேண்டிய விருப்பப் பாடங்களை ஒரே துறையில் அடுக்கியிருக்கிறாள், அவ்வளவுதான்.

கணக்கைக் கொஞ்சம் விரித்துப் பார்க்கலாம். ஒரு பாடம் பொதுவாக 4 யூனிட். ஆக 160 யூனிட் என்பது 40 பாடம். கலைப் புலத்தையும் அறிவியல் புலத்தையும் சேர்த்து 2021இல் சிஎச்எஸ் என்ற கல்லூரியை என்யுஎஸ் தொடங்கியபோது அந்த 40ஐ இப்படிப் பிரித்தார்கள்: எல்லாருக்கும் பொதுவாக 13, மேஜருக்கு 15, மாணவர் விருப்பத்துக்கு 12. இந்தப் பன்னிரண்டைத்தான் யூஇ என்கிறார்கள். மைனருக்கு ஐந்து பாடம், இரண்டாவது மேஜருக்குப் பத்து. மைனரில் ஒன்றிரண்டு பாடங்கள் மேஜரிலும் பொதுப் பாடத்திலும் ஏற்கெனவே இருந்தால், ஓர் அளவு வரை இரண்டு பக்கமும் எண்ணிக்கொள்ளலாம். இங்குள்ள இன்னொரு பல்கலையான என்டியுவில் யூனிட்டுக்குப் பதில் ஏயு, பெயர்கள் வேறு, எண்கள் வேறு. ஆனால் ஐந்தாறு பாடங்களின் தொகுப்புக்கு ஒரு பெயர் என்ற அடிப்படை அதேதான்.

எல்லாருக்கும் இந்தப் பன்னிரண்டு கிடைப்பதில்லை. பொறியியல், கணக்கியல், சட்டம், மருத்துவம் போன்றவற்றில் தொழில் அமைப்புகளின் அங்கீகாரத்துக்காக மேஜரே இடத்தை அடைத்துக்கொள்ளும். பாலிடெக்னிக்கில் டிப்ளோமா முடித்து வருபவர்களுக்குச் சில யூனிட் விலக்காகக் கிடைக்கும். அது நல்லதுதான். ஆனால் அந்த விலக்கின் ஒரு பகுதி விருப்பப் பாடக் கணக்கில் கழியும். என்எஸ் என்ற கட்டாய தேசிய சேவையை முடித்து இருபத்திரண்டு வயதில் முதலாமாண்டுக்கு வரும் பையனுக்கு, அந்த விலக்கை வைத்து ஒரு செமஸ்டர் முன்னதாக வெளியே வருவதா, இடத்தை நிரப்பி மைனர் எடுப்பதா என்பது நிஜமான கேள்வி. அவன் இடத்தில் நான் இருந்தால் பெரும்பாலும் வெளியே வந்துவிடுவேன். வீட்டுச் சூழல் தெரிந்த பிறகுதான் இதில் உறுதியாக எதுவும் சொல்ல முடியும்.

இந்த ஏற்பாடு எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் பாதிக் குழப்பம் தீரும். சிங்கப்பூர்ப் பல்கலைக்கழகம் பிரிட்டிஷ் வழியில் வளர்ந்தது. அங்கே ஒருவர் வரலாறு 'வாசித்தார்' என்றால் வரலாறுதான். மூன்று ஆண்டில் பட்டம், தேறியவர்களுக்கு நான்காம் ஆண்டு ஹானர்ஸ். மேஜர், மைனர் என்ற சொற்கள் அமெரிக்காவில் 1870களின் இறுதியில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் பாடக் கையேட்டில் தலைகாட்டியவை. அதே காலத்தில் ஹார்வர்டில் தலைவர் சார்லஸ் எலியட் கட்டாயப் பாடங்களைக் குறைத்து, மாணவரே தேர்ந்தெடுக்கலாம் என்று கதவைத் திறந்துவிட்டார். திறந்த கதவில் பிள்ளைகள் கண்டபடி ஓடினார்கள். நாலு ஆண்டும் அறிமுகப் பாடங்களாகவே பொறுக்கிக்கொண்டு வெளியேறியவர்கள் உண்டு. எலியட்டுக்குப் பின் 1909இல் வந்த லோவல் ஒரு துறையில் ஆழம், மற்றவற்றில் பரவல் என்று வேலி போட்டார். சிங்கப்பூரில் 1990களில் என்யுஎஸ் மாட்யூல் முறைக்கு மாறியபோதும், 2000இல் எஸ்எம்யு என்ற பல்கலை அமெரிக்க பாணியில் தொடங்கப்பட்டபோதும் வந்து சேர்ந்தது இந்தச் சொத்துதான்.

இதை ஏன் இவ்வளவு நீட்டிச் சொல்கிறேன் என்றால், மைனர் எடுப்பவர்களில் பாதிப் பேர் 'பரவலாகப் படித்தேன் என்று காட்டலாம்' என்று நினைத்து எடுக்கிறார்கள். ஆனால் பரவல் இப்போது கட்டாயமாகவே வந்துவிட்டது. அந்தப் பதின்மூன்று பொதுப் பாடங்களில் எழுத்துப் பயிற்சி, தரவு, செயற்கை நுண்ணறிவு, வடிவமைப்புச் சிந்தனை, ஆசியவியல், அறிவியல் ஆய்வு முறை என எல்லாம் உண்டு. உளவியல் படிக்கும் பெண்ணும் இயற்பியல் படிக்கும் பையனும் ஒரே வகுப்பில் உட்கார்ந்து ஒரே கட்டுரையைத் திட்டிக்கொண்டே எழுதுகிறார்கள். என்டியுவிலும் 2021 முதல் ஐசிசி என்ற பெயரில் இதே வகைப் பொதுப் பாடங்கள். ஆகவே அகலம் வேண்டும் என்பதற்காக மைனர் எடுக்க வேண்டியதில்லை. உண்மையில் அகலம்தான் வேண்டுமென்றால் மைனரே எடுக்கக் கூடாது. பன்னிரண்டு விருப்பப் பாடத்தையும் பன்னிரண்டு திசையில் எடுப்பதுதான் அகலம். மைனர் அதற்கு நேர் எதிரானது. ஐந்து பாடங்களை ஒரே கிணற்றில் போடச் சொல்கிறது. அது இரண்டாவது ஓர் ஆழத்துக்கான ஏற்பாடு.

இதை அக்கா மகளிடம் சொன்னபோது அவள் திரையைக் காட்டினாள். மூன்று மைனர்களுக்கான பட்டியல் தயாராக இருந்தது: கணினி அறிவியல், தடயவியல், புள்ளியியல். முதலாவது தோழிகள் எடுப்பதால். இரண்டாவது அவளுக்கு ஆசை. மூன்றாவது பேராசிரியர் ஒருவர் சொன்னதால். எடுக்கும் காரணம் மூன்றுக்கும் மூன்று விதம் என்பதை அவளே அப்போதுதான் கவனித்தாள்.

சரி, அக்காவின் கேள்விக்கு வருவோம். சம்பளம்.

ஒவ்வோர் ஆண்டும் பட்டதாரி வேலைவாய்ப்பு ஆய்வு முடிவு வரும். கடைசித் தேர்வு முடிந்து சுமார் ஆறு மாதம் கழித்துப் பட்டதாரிகளிடம் கேட்டுத் தொகுப்பது. எந்தப் பட்டத்துக்கு இடைநிலைச் சம்பளம் எவ்வளவு, எத்தனை விழுக்காட்டினருக்கு முழுநேர வேலை என்ற அட்டவணைகளை வாட்ஸ்அப் குழுக்களில் பெற்றோர் அனுப்பிக்கொள்வார்கள். அந்த அட்டவணையில் பட்டப்படிப்புகளின் பெயர்கள்தான் வரிசையாக இருக்கும். மைனர் வாரியாக ஒரு வரிகூட இல்லை. ஆகவே 'இந்த மைனருக்கு இவ்வளவு கூடும்' என்று யாராவது எண் சொன்னால் அது அந்த ஆய்விலிருந்து வந்ததல்ல. மைனர் எங்கே பதிவாகிறது என்றால் டிரான்ஸ்கிரிப்ட் என்ற மதிப்பெண் பட்டியலில். வேலைக்கு எடுப்பவர் பெரும்பாலும் முதலில் பார்ப்பது சுயவிவரத்தாளை. அதில் மைனர் அரை வரி. அந்த அரை வரியால் ஒரு கேள்வி பிறக்கலாம்: "உளவியல் படிச்சிட்டு ஏன் புள்ளியியல்?" அதற்கு மூன்று நிமிடம் சுவாரசியமாகப் பேச முடிந்தால் மைனர் வேலை செய்கிறது. "எல்லாரும் எடுத்தாங்க" என்றுதான் பதில் வருமென்றால் அந்த வரி இல்லாமலே இருந்திருக்கலாம்.

அதற்காக வெறும் அலங்காரம் என்றும் தள்ளிவிட முடியாது. சில இடங்களில் அது நிஜமாகவே கதவைத் திறக்கும். உயர்நிலைப் பள்ளி ஆசிரியராக நினைப்பவர் ஆசிரியர் பயிற்சி தரும் என்ஐஇயில் இரண்டு பாடங்கள் கற்பிக்கப் பயிற்சி பெறுவது வழக்கம். இரண்டாவது பாடத்தில் போதுமான அடித்தளம் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். புவியியல் மேஜருக்கு வரலாற்று மைனர் அங்கே தெளிவாகக் கை கொடுக்கும். முதுகலையில் துறை மாற நினைப்பவர்களுக்கும் அப்படித்தான். பொருளியல் முதுகலைக்கு விண்ணப்பிக்கும் சமூகவியல் மாணவரிடம் இடைநிலைப் பொருளியலும் கணிதமும் இருக்கிறதா என்று கேட்பார்கள். அங்கே மைனர் என்ற பெயரைவிட அந்தக் குறிப்பிட்ட இரண்டு மூன்று பாடங்களே முக்கியம். அப்புறம் கருவியாகப் பயன்படும் மைனர்கள். என்யுஎஸ் புவியியல் துறை தரும் ஜிஐஎஸ், அதாவது கணினிவழி வரைபடத் தகவல், மைனர் ஒரு நல்ல எடுத்துக்காட்டு. முடிக்கும்போது கையில் வரைபடங்களும் மென்பொருள் பழக்கமும் இருக்கும். நகரத் திட்டமிடலிலோ சுற்றுச்சூழல் வேலையிலோ அதை மேசைமேல் எடுத்து வைக்கலாம். தத்துவ மைனரிலிருந்து அப்படி எதையும் எடுத்து வைக்க முடியாது. ஆனால் தத்துவத்தை விரும்பிப் படித்தவர்கள் யாரும் அதற்காக வருந்தி நான் பார்த்ததில்லை.

இனி விலை. பணத்தில் பெரிதாக இல்லை. கட்டணம் ஆண்டுக்கு இவ்வளவு என்றுதான். மானியம் போக உள்ளூர் மாணவருக்குக் கலைப் படிப்புக்கே 8,000 வெள்ளிக்கு மேல். மைனர் நாலாண்டுக்குள் முடிந்தால் கட்டணம் கூடாது. ஒரு பாடத்துக்காக ஒன்பதாவது செமஸ்டர் நீண்டால் கதை வேறு. கட்டணம், அரையாண்டுச் சம்பள இழப்பு, கல்விக் கடனோ அப்பாவின் சிபிஎஃப் சேமிப்பில் எடுத்ததோ இருந்தால் அதன் சுமை, எல்லாம் சேரும். மைனருக்காகப் பட்டத்தை நீட்டிக்காதீர்கள். இதில் எனக்கு இரண்டாவது எண்ணமே இல்லை.

உண்மையான விலை நேரம். ஒரு யூனிட்டுக்கு வாரம் இரண்டரை மணி நேர உழைப்பு என்பது என்யுஎஸ் கணக்கு. 4 யூனிட் பாடம் என்றால் வாரம் 10 மணி நேரம். ஒரு செமஸ்டரில் பாட வாரங்கள் 13. ஆக ஒரு பாடம் 130 மணி நேரம், ஐந்து பாடம் 650 மணி நேரம். வழக்கமான ஒரு செமஸ்டர் சுமையும் 20 யூனிட்தான். மைனர் என்பது ஒரு முழு செமஸ்டர், ஐந்து துண்டாக வெட்டி ஆங்காங்கே சொருகியது. இப்படிப் பார்த்தால் கேள்வி தெளிவாகிறது. அந்த ஒரு செமஸ்டரை வைத்து வேறென்ன செய்யலாம்? பரிமாற்றத் திட்டத்தில் வெளிநாட்டுப் பல்கலையில் ஒரு பருவம் இருந்துவிட்டு வரலாம். என்ஓசி என்ற என்யுஎஸ் திட்டத்தில் சேர்ந்து வெளிநாட்டு ஸ்டார்ட்அப்பில் ஆறு மாதமோ ஒரு வருஷமோ வேலை பார்க்கலாம். பேராசிரியரோடு ஆய்வு செய்யலாம். ஒன்றுமே செய்யாமல் பிடித்த மேஜர் பாடங்களை ஆற அமரப் படிக்கலாம். இவை எல்லாம் மைனரோடு முட்டும் என்றில்லை. பரிமாற்றத்தில் எடுக்கும் பாடத்தையே மைனருக்கு ஏற்றுக்கொள்ளும் வழி சில சமயம் இருக்கும். ஆனால் அதற்கு முன்கூட்டியே பாடப் பொருத்தம் பார்த்து ஒப்புதல் வாங்க வேண்டும். போய் இறங்கிய பிறகு கேட்டால் மின்னஞ்சல்தான் மிச்சம்.

இன்னொரு விலை மதிப்பெண். என்யுஎஸ்ஸில் ஜிபிஏ, அதாவது எல்லாப் பாடத்துக்குமான சராசரி, 5க்கு. 4.50க்கு மேல் போனால் உச்சத் தகுதி ஹானர்ஸ், 4.00க்கு மேல் டிஸ்டிங்ஷன், 3.50க்கு மேல் மெரிட். எளிமைக்காக எல்லாப் பாடமும் கணக்கில் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். 140 யூனிட்டில் ஒருத்தி 4.10 வைத்திருக்கிறாள். மைனரின் 20 யூனிட்டில் எல்லாமே பி வந்தால், அதாவது 3.5, கடைசிக் கணக்கு 4.02 சொச்சம். தப்பித்தாள். எல்லாமே பி மைனஸ், 3.0 என்றால் 3.96. டிஸ்டிங்ஷன் போய் மெரிட். மைனர் ஒரு வரி ஏறி, ஹானர்ஸ் ஒரு படி இறங்கிவிட்டது. எஸ்யு வாய்ப்பு இருக்கிறதே என்பார்கள். கிரேடை மறைத்து 'திருப்தி' என்று மட்டும் காட்டும் வசதி. ஆனால் அது பெரும்பாலும் அடிநிலைப் பாடங்களுக்குத்தான். மைனரின் மேல்படிப் பாடங்களில் அந்தக் குடை கிடையாது. அங்கே பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர் அதையே மேஜராகப் படிப்பவர். மாணவர்களை ஒருவரோடொருவர் ஒப்பிட்டுத் தரம் போடும் பெல் கர்வ் இருவரையும் ஒரே தராசில் போடும். கணினி மைனர் எடுத்த கலைப் பிள்ளைகள் சிஎஸ்2040 என்ற மேல்படிக் கணினிப் பாடத்தைப் பற்றிப் பேசும்போது குரல் இறங்குவது இதனால்தான்.

பிறகு, எழுதப்பட்ட எந்தக் கையேட்டிலும் பெரிதாகத் தெரியாத விஷயம்: வரிசை. மைனரின் ஐந்து பாடம் தனித்தனி ஐந்து இல்லை, பல இடங்களில் அது ஒரு சங்கிலி. சிஎஸ்1010 வகைப் பாடம் முடிக்காமல் 2040க்குப் போக முடியாது. புள்ளியியலில் கால்குலஸ், அப்புறம் நிகழ்தகவு, அப்புறம்தான் மற்றது. மேல்படிப் பாடம் சில துறைகளில் ஆண்டுக்கு ஒரு முறைதான் வரும். அந்த ஒரு முறையும் நீங்கள் பரிமாற்றத்துக்குப் போயிருக்கும் செமஸ்டராக இருக்கும். பாடப் பதிவிலும் மேஜர் மாணவர்களுக்கு முன்சுற்றுகளில் முன்னுரிமை. என்டியு பிள்ளைகள் ஸ்டார்ஸ் என்ற பதிவுத் தளத்தின் பெயரை வைத்துப் பாடப் பதிவு நாளை 'ஸ்டார்ஸ் வார்ஸ்' என்று கிண்டலடிப்பதும், எஸ்எம்யுவில் இ-டாலர் வைத்துப் பாடத்தை ஏலம் கேட்பதும் சும்மா இல்லை. இடம் கிடைப்பதே ஒரு போராட்டம்.

இதில் நான் அடிபட்டவன். நான் படித்த காலத்தில், எந்தப் பல்கலை என்பது வேண்டாம், ஒரு மைனருக்கு ஒரே ஒரு பாடம் பாக்கி. இறுதி ஆண்டில் எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டிருந்தேன். அந்த ஆண்டு அதை நடத்துபவர் ஆய்வு விடுப்பில் போய்விட்டார், பாடம் இல்லை. மாற்றுப் பாடம் கேட்டு அலுவலகத்துக்கு மூன்று முறை நடந்தேன். மூன்றாவது முறை, "படித்ததெல்லாம் டிரான்ஸ்கிரிப்டில் இருக்கத்தானே செய்கிறது" என்று ஆறுதல் சொன்னார்கள். அன்றைக்கு எரிச்சலாக இருந்தது. ஆனால் யோசித்தால் அவர்கள் சொன்னது சரி. படித்த பாடங்கள் பட்டியலில் இருந்தன, மண்டையிலும் இருந்தன. மேலே ஒரு பெயர் மட்டும் இல்லை. இருபது வருஷத்தில் யாரும் அதைக் கேட்கவில்லை.

கியாசு என்ற ஹொக்கியன் சொல்லுக்குத் தமிழில் பொருள் சொல்லச் சொன்னால் 'தோற்றுவிடுவோமோ என்ற பயம்' என்போம். மைனர் விஷயத்தில் அது 'என்னிடம் மட்டும் குறைகிறதோ' என்ற பயமாக வருகிறது. பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு இரட்டைப் பட்டம், தோழிக்கு இரண்டாவது மேஜர், நமக்கு ஒரு மைனராவது வேண்டாமா? தமிழ் வீடுகளில் இதற்கு இன்னொரு தாளம் உண்டு. ஏற்கெனவே ஒரு பாடம் பிடித்து எடுத்தாகிவிட்டது, ஈடு கட்ட 'வேலைக்கு ஆகிற' ஒன்றையாவது பக்கத்தில் வைத்துக்கொள் என்பது. உளவியலுக்குக் கணினி, வரலாற்றுக்கு வணிகம். அதில் நியாயம் இருக்கிறது. ஆனால் பிடிக்காத ஐந்து பாடம் 650 மணி நேரம் என்பதை அந்த ஆலோசனை சொல்பவர்கள் சுமக்கப் போவதில்லை. நிரல் எழுதக் கொஞ்சம் தெரிந்தால் போதும் என்றால் ஒரே ஒரு பாடம் போதும். பிறகு வேண்டுமென்றால் 25 வயதில் பயிற்சி வகுப்புகளுக்கான 500 வெள்ளி ஸ்கில்ஸ்ஃபியூச்சர் வரவு இருக்கிறது. படிப்பு பட்டத்தோடு முடிவதில்லை என்று அரசாங்கமே சொல்லித்தான் பணம் தருகிறது.

தமிழைப் பற்றி ஒரு வார்த்தை, கேட்காமலே. பல்கலைக்கு முன் எச்2 நிலையில் தமிழ் மொழியும் இலக்கியமும் ஆசையாகப் படித்துவிட்டு அறிவியல் பட்டத்துக்குப் போகும் பிள்ளைகள் ஆண்டுதோறும் உண்டு. தமிழை முழுப் பட்டமாகப் படிக்க எஸ்யுஎஸ்எஸ் பல்கலையில் தமிழ் மொழி, இலக்கியப் படிப்பு இருக்கிறது. என்யுஎஸ்ஸில் தெற்காசியவியல் மைனர் இருக்கிறது. அது தமிழ் இலக்கியம் ஆகாது, ஆனால் நம் பகுதியின் வரலாற்றையும் அரசியலையும் வேறு கண்ணால் பார்க்க வைக்கும். பிடித்த ஒன்று மைனர் பட்டியலில் இல்லாமல் போவது சகஜம். அப்போது இருக்கிற பட்டியலிலிருந்து பக்கத்தில் இருப்பதை எடுப்பதைவிட, ஒன்றிரண்டு விருப்பப் பாடத்தைக் காலியாக விட்டு அந்த நேரத்தைப் பிடித்ததற்கே கொடுக்கலாம் என்பது என் கட்சி. விக்டோரியா ஸ்திரீட் தேசிய நூலகத்தில் தமிழ் அலமாரிகளுக்கு முன்தேவைப் பாடம் எதுவும் கிடையாது.

எப்போது முடிவெடுப்பது என்பதில் இரண்டு பக்கமும் இழுக்கும். சங்கிலி நீளமான மைனர் என்றால் இரண்டாம் ஆண்டுக்குள் தொடங்கியாக வேண்டும், இல்லையேல் முடியாது. சங்கிலி இல்லாதது என்றால் அறிவிக்க அவசரமே வேண்டாம். இரண்டு பாடம் எடுத்துப் பாருங்கள். மூன்றாவதைத் தேடிப் போகத் தோன்றுகிறதா என்று பாருங்கள். விண்ணப்பம் என்பது சில கிளிக்தான், அதை அப்புறம் செய்துகொள்ளலாம். முதலாமாண்டிலேயே மைனரை அறிவித்துவிட்டு, மானத்துக்காக முடிப்பவர்களை எனக்குத் தெரியும்.

தேநீர் வந்த பிறகு அக்கா மகளிடம் ஒன்று மட்டும் கேட்டேன்: "மைனர்ங்கிற பேரே கிடையாதுன்னு வச்சுக்க. இந்த மூணு பட்டியல்லயும் சும்மாவே எத்தனை பாடம் எடுப்ப?"

கணினியில் விரலை வைத்து எண்ணினாள். "ஒண்ணு. பைத்தான் கத்துக்க மட்டும்." தடயவியலில் இரண்டு. அறிமுகப் பாடமும், அப்புறம் அவளுக்கு ஒரு நாடகத் தொடர் மயக்கத்தில் பிடித்த இன்னொன்றும். புள்ளியியலில் கொஞ்சம் நேரம் பார்த்தாள். மேஜரிலேயே ஆய்வு முறைப் பாடத்தில் புள்ளியியல் வருகிறது, அதில் ஒரு விளக்கம் பாதியில் நின்றுவிட்டதாக அவளுக்கு எரிச்சல். "மூணு. இல்ல, நாலு எடுப்பேன் மாமா."

ஐந்தில் நாலு என்றால் மீதி ஒன்றுக்காகப் பெயரை விடுவானேன். கால்குலஸ் அடுத்த செமஸ்டருக்கு, நிகழ்தகவு அதற்கடுத்து, மூன்றாம் ஆண்டு இரண்டாம் செமஸ்டர் பரிமாற்றத்துக்காகச் சுத்தமாகக் காலி. மைனரின் கடைசிப் பாடத்தை இறுதி ஆண்டுக்கு விடாதே என்று மட்டும் மூன்று முறை சொன்னேன். மாமாவின் பழைய காயம் அவளுக்குத் தெரியும், சிரித்துக்கொண்டாள். கணினிப் பட்டியலில் ஒரு கட்டத்தை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை அழித்தாள். தடயவியல் அறிமுகப் பாடம் ஒரு யூஇயாக மட்டும் தங்கியது.

அக்கா பின்னாலிருந்து எட்டிப் பார்த்தார். வரும் செமஸ்டரில் நாலு கட்டம்தான் நிரம்பியிருந்தது.

"அந்த ஒண்ணு ஏன்டி காலியா கிடக்கு? ஏதாவது போடு."

"அது சங்கே முழங்கும்மா," என்றாள். என்யுஎஸ் மாணவர்களின் தமிழ்ப் பேரவை நடத்தும் மேடை நிகழ்ச்சி. "இந்த வருஷம் நான்தான் லைட்ஸ்."